கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் 'மவுண்டன்பைக்ஸ்': ஒரு பழைய ஃப்ரேமின் பூர்வீகம் தேடி

#1 ஆரக்கால்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேக்குப் பக்கத்தில். போன ஞாயிறு பழைய சாமான் சந்தையில் ஒரு சைக்கிள் ஃப்ரேம் வாங்கினேன். வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட்டை யாரோ பிரஷ்ஷால் அப்பி வைத்திருக்கிறார்கள். முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் கூடவே இருக்கிறது. சக்கரம் இல்லை.

வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். குழாய்கள் சேரும் இடத்தில் லக் (குழாய்களைச் செருகி இணைக்கும் உறை) கிடையாது. ஒரு குழாய் அடுத்ததற்குள் உருகி ஓடினாற்போல வழவழவென்று இருக்கிறது. விரலை ஓட்டிப் பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு குழாயில் நகத்தால் சுரண்டினேன். அடியில் பழைய ஸ்டிக்கர் எழுத்து தெரிந்தது: 'மவுண்டன்பைக்ஸ்'. இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக. இது சைக்கிளின் ரகமா, கம்பெனிப் பெயரா? விற்றவர் ஒரு பின் டெரைலரையும் (கியர் மாற்றும் கருவி) சேர்த்துக் கொடுத்தார், ஷிமானோ டியோர் எக்ஸ்டி. அதன் முதுகில் எச், சி என்று இரண்டு எழுத்து குத்தியிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையசங்கிலி

ஆரக்கால், முதல் வேலையாகச் சுரண்டுவதை நிறுத்துங்கள். அந்த ஸ்டிக்கர் போனால் திரும்ப வராது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அது கம்பெனிப் பெயர். இன்று உலகம் பூராவும் ஒரு சைக்கிள் வகைக்கு வழங்கும் பெயர், 1979-இல் இரண்டு நண்பர்கள் வங்கிக் கணக்கு திறக்க வைத்த கடைப் பெயர். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி. இருவரும் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். சில நூறு டாலரைச் சேர்த்துப் போட்டுத் தொடங்கினார்கள். ஃப்ரேம் கட்டியவர் டாம் ரிச்சி. அவர் இருந்தது தெற்கே, பாலோ ஆல்டோ பக்கம்.

உங்கள் கையில் இருப்பது அந்தக் கூட்டில் வந்ததாக இருந்தால், இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை அமையாது. இப்போதே உறுதியாகச் சொல்ல மாட்டேன். படங்கள் போடுங்கள்: போர்க்கின் தலை, பின் பிரேக்கை மாட்டும் முளைகள் இருக்கும் இடம், பிபி (பெடல் அச்சு சுழலும் குழல்) அடிப்பாகம்.

#3 மலைமிதி

அண்ணா, ஒரு சந்தேகம். அப்படியென்றால் இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் 'மவுண்டன் பைக்' என்று விற்கிறதே, அவர்கள் எப்படி விட்டார்கள்?

#4 பழையசங்கிலி

விடவில்லை தம்பி. வணிகக் குறியாகப் பதிவு செய்ய முயன்றார்கள், கிடைக்கவில்லை. பதிவு இல்லாத பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாறு வருடத்துக்குள் அது பொதுப் பெயராகிவிட்டது. எனக்கு இந்தக் கம்பெனி மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

சரி, கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் அந்த ஃப்ரேம் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது.

எழுபதுகளின் நடுவில் மரின் பையன்கள் பழைய ஷ்வின் எக்செல்சியர் சைக்கிள்களைக் காயலான் கடைகளில் தேடிப்பிடித்து, மவுண்ட் டமல்பயஸ் சுற்றுவட்டார மண்பாதைகளில் இறக்கினார்கள். முப்பது, நாற்பதுகளில் சிகாகோவில் செய்த கனத்த இரும்பு சைக்கிள், 2 அங்குலத்துக்கு மேல் தடித்த பலூன் டயர். 'கிளங்கர்' என்று கூப்பிடுவார்கள். எடை 20 கிலோவுக்கு மேல் போகும். மேலே ஏற்றுவதற்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், அல்லது வண்டியில் போட்டு ஏற்றவேண்டும்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு தீயணைப்புப் பாதை உண்டு. சுமார் 2 மைலில் 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் வைத்தார்கள். ஒவ்வொருவராக இறங்கவேண்டும், கடிகாரம்தான் எதிராளி. கெல்லிதான் நடத்துபவர், நேரத்தை நோட்டில் குறித்து வைப்பவரும் அவரே. முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். பிறகு ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அந்தப் பாதையின் சாதனை அதுதான்.

பாதைக்குப் பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) பிரேக்தான் அந்த சைக்கிள்களில். இறக்கம் முடிவதற்குள் ஹப் கொதித்து கிரீஸ் புகையாகிப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புதுக் கிரீஸ் அடைத்து, மூடவேண்டும். திரும்ப அடைப்பதால் ரீபேக். ஒரு பந்தயப் பாதைக்குக் கிரீஸ் வேலையை வைத்துப் பெயர் விழுந்தது வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

#5 நடுஅச்சு

பழையசங்கிலி ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த இழை இப்படியே போனால் படிப்பவர்கள் 'ஃபிஷரும் கெல்லியும்தான் கண்டுபிடித்தார்கள்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய ஃப்ரேமை எடுக்காமல், மலைப்பாதைக்கென்றே புதிதாகக் குழாய் வாங்கி ஃப்ரேம் கட்டி, எல்லாப் பாகமும் புதிதாகப் போட்டவர் ஜோ பிரீஸ். 1977-இல் முதல் 'பிரீஸர்'. 1978-க்குள் மொத்தம் பத்து. குரோமோலி எஃகுக் குழாய், மேலே நிக்கல் முலாம். தலைக்குழாயிலிருந்து பின் அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள் ஓடும், முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அந்த முதல் பிரீஸர் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரிச்சி ஒன்று செய்வதற்கு முன்பே பிரீஸ் பத்து செய்து முடித்துவிட்டார்.

இன்னொன்று. கிளங்கரில் கியர் மாட்டியது மரின்காரர்கள் மட்டும் இல்லை. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த சைக்ளோகிராஸ் (மண்ணிலும் சேற்றிலும் ஓட்டும் பந்தயம்) போட்டிக்குத் தெற்கே கூப்பர்டினோவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெயர் மாரோ டர்ட் கிளப். தடி டயர் சைக்கிளில் டெரைலர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். மரின்காரர்கள் பலர் அதை அங்கே பார்த்தார்கள். ஆரக்கால், கூப்பர்டினோ உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

#6 ஆரக்கால்

இருபது நிமிடம்! ஒவ்வொரு வாரமும் மளிகை வாங்கப் போகிற ஊர். இது தெரியாமலே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

#7 பழையசங்கிலி

நடுஅச்சு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரீஸர் இல்லாமல் 'மவுண்டன்பைக்ஸ்' கம்பெனியே வந்திருக்காது. 1979 ஜனவரியில் பிரீஸ் ஒரு டேண்டம் (இருவர் மிதிக்கும் சைக்கிள்) விஷயமாக ரிச்சியைப் பார்க்கப் போனபோது கூடவே தன் பிரீஸரை எடுத்துக்கொண்டு போனார். ரிச்சி அதைப் பார்த்தார். ஃபிஷருக்கு விஷயம் தெரிந்ததும், எனக்கும் ஒன்று கட்டிக்கொடுங்கள் என்று கேட்டார்.

ரிச்சி முதலில் கட்டியது மூன்று. கை பழகியவுடன் நிறுத்த மனம் வரவில்லை போலிருக்கிறது, இன்னும் ஒன்பது கட்டினார். கட்டிய பிறகுதான் அவர் ஊர்ப் பக்கம் வாங்க ஆளில்லை என்று தெரிந்தது. ஃபிஷரிடம், நீ விற்றுப் பார் என்று கொடுத்தார். அந்த ஒன்பது ஃப்ரேம்தான் கம்பெனியின் முதலீடு. முழு சைக்கிள் விலை சுமார் 1,300 டாலர். அந்தக் காலத்தில் நல்ல ரேஸ் சைக்கிளே வாங்கிவிடலாம். தடி டயர் சைக்கிளுக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். ஆனாலும் விற்றது.

ஆகையால் 'முதலில் யார்' என்பதைவிட 'யார் விற்றது' என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். பிரீஸ் பத்து செய்தார், அது நண்பர்களுக்குப் போயிற்று. முன்பின் தெரியாத ஒருவர் காசைக் கட்டி, சொன்ன அளவில் முழு சைக்கிளாக வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ள முடிந்தது ரிச்சியின் கையும் ஃபிஷர், கெல்லியின் கடையும் சேர்ந்த பிறகுதான். கெல்லி அதோடு 1980-இல் 'ஃபேட் டயர் ஃபிளையர்' என்று ஒரு பத்திரிகையும் டெனிஸ் காரமாக்னோவுடன் சேர்ந்து தொடங்கினார். 1987 வரை வந்தது.

#8 தீநாக்கு

நான் கோயம்புத்தூரில் கேஸ் வெல்டிங் கற்றவள், முப்பது வருடமாக இதே வேலை. வரலாறு எனக்குத் தெரியாது. ஆரக்கால் தம்பி போட்ட படத்தில் அந்த ஒட்டைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லக் என்பது முன்கூட்டி வார்த்து வைத்த கை மாதிரி. குழாயின் விட்டமும், இரண்டு குழாய்க்கும் நடுவே உள்ள கோணமும் அந்த லக்கிலேயே முடிவாகிவிடும். ரேஸ் சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் லக் கிடைக்கும், ஏனென்றால் எல்லோரும் ஒரே குழாய், ஏறக்குறைய ஒரே கோணம். மலைக்குத் தடித்த குழாய் வேண்டும், தலைக்குழாய் இன்னும் சாய்ந்திருக்கவேண்டும். அதற்கு அந்த வருடத்தில் லக் எங்கே கிடைக்கும்? குழாயின் வாயை மீன்வாய் மாதிரி அறுத்து, அடுத்த குழாயோடு ஒளி புகாமல் பொருத்தி, பித்தளைக் கம்பியை உருக்கி வளைவாக ஊற்றவேண்டியதுதான்.

சொல்வது சுலபம். பித்தளை ஓடுகிற சூட்டில் மெல்லிய குழாயைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் குழாய் கெட்டுவிடும். சூடு போதாவிட்டால் பித்தளை மேலே உருண்டையாக நிற்கும், உள்ளே இறங்காது. தீயை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. கம்பியைத் தீயில் காட்டக் கூடாது, குழாயின் சூட்டில் அது தானாக உருகவேண்டும். இரண்டாவது படத்தில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மஞ்சள் கோடு தெரிகிறதே, அதன் ஓரத்தைப் பாருங்கள். குழாய் மேல் எங்கேயும் அரத்தின் கீறல் இல்லை. அரம் போட்டு மறைத்த ஒட்டு இல்லை இது, ஊற்றும்போதே இப்படி வந்திருக்கிறது, அல்லது அரத்தையும் தீயைப்போலவே பழக்கியவர் கை. யார் செய்தாரோ, அவருக்கு என் வணக்கம்.

#9 பழையசங்கிலி

அக்கா, இதைத்தான் எத்தனையோ வருடமாக எனக்கு யாராவது விளக்கமாட்டார்களா என்று இருந்தேன். நன்றி. ரிச்சி பள்ளிக்கூட வயதிலேயே ஃப்ரேம் கட்டத் தொடங்கியவர், பிறந்தது 1956. ஃபிஷருக்குக் கட்டும்போது வயது 22. சான்டா குரூஸ் மலையில் ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் கூட்டிப் போகும் நீண்ட சவாரிகளில், ரேஸ் சைக்கிளையே மண்பாதையில் ஓட்டி வளர்ந்தவர். மண்ணில் ஃப்ரேம் எங்கே உடையும் என்று அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கும்.

#10 மலைமிதி

ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர்தான் முதல் மவுண்டன் பைக் என்று பல இடத்தில் படித்திருக்கிறேனே?

#11 நடுஅச்சு

முதல் மவுண்டன் பைக் இல்லை. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து கடை கடையாகப் போனதில் முதல் வரிசையில் நிற்பது. மைக் சின்யார்ட் 1974-இல் ஸ்பெஷலைஸ்டைத் தொடங்கினார், முதலில் இத்தாலியச் சாமான் இறக்குமதி. ரிச்சியின் சைக்கிளைப் பார்த்த பிறகு டிம் நீனனை வைத்து அதே போக்கில் ஒன்று வடிவமைத்து ஜப்பானில் செய்வித்தார். 1981-இல் விற்பனைக்கு வந்தது. விலை 750 டாலர். பித்தளை ஊற்று இல்லை, மின்பொறியில் குழாயையே உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங். அதனால்தான் அந்த விலைக்கு முடிந்தது.

இதைச் சிலர் திருட்டு என்று எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரிச்சி ஒருவர் கை வருடம் பூராவும் ஓடினாலும் எத்தனை பேருக்குக் கட்டமுடியும்? ஊர் ஊராக அந்த சைக்கிளைக் கொண்டுபோனது ஸ்டம்ப்ஜம்பர்தான். ஆனால் எதைப் பார்த்து வந்தது என்பதை மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

#12 ஆரக்கால்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை. அளந்தவை:

பின் பிரேக் முளைகள் மேல் கம்பிகளில் இருக்கின்றன, சீட்டுக்குக் கீழே. போர்க்கிலும் முளை உண்டு. போர்க்கின் தலை விசித்திரமாக இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு, நடுவே இடைவெளி. பிபி குழல் அகலம் 68 மில்லிமீட்டர். என்னிடம் இருந்த பழைய 26 அங்குல சக்கரத்தை மாட்டிப் பார்த்தேன், பிரேக் கட்டை ரிம்மில் உட்காரவே இல்லை, ரிம் உயரமாக நிற்கிறது. ஃப்ரேம் கோணிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

#13 பழையசங்கிலி

பயப்படாதீர்கள், சக்கரம்தான் தப்பு. உங்களிடம் இருப்பது 26 × 1⅜ ஆக இருக்கும். அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். இதற்கு வேண்டியது 559. இரண்டிலும் 26 என்றுதான் எழுதியிருக்கும். நம் ஊர் 28 அங்குல சைக்கிள் இன்னும் வேறு, அது 635.

இந்த 559 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஷ்வின் 1933-இல் கொண்டுவந்த பலூன் டயர். கிளங்கர் பையன்கள் எடுத்த எக்செல்சியரில் அதுதான் இருந்தது, அதற்குத்தான் தடி டயர் கடையில் கிடைத்தது. பிரீஸரும் ரிச்சியும் அதே அளவுக்கே கட்டினார்கள், ஸ்டம்ப்ஜம்பரும் அப்படியே. 2000-க்குப் பிறகு 29 அங்குலம் வரும்வரை ஏறக்குறைய எல்லா மலை சைக்கிளும் 1933-இன் சிறுவர் சைக்கிள் டயர் அளவில்தான் ஓடின.

இரட்டைத் தட்டுப் போர்க்கைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் காலத்து ரிச்சி போர்க்குகளில் அந்த அமைப்பு உண்டு. முளைகள் மேல் கம்பியில் இருப்பதும் நல்ல சேதி. எண்பதுகளின் நடுவில் பின் பிரேக்கைப் பலரும் கீழ்க் கம்பிக்கு, பிபி பக்கம் கொண்டுபோனார்கள். ரோலர் கேம், யு பிரேக் என்ற பிரேக் வகைகளின் காலம். உங்களுடையது அதற்கு முந்தையது.

எச், சி விஷயம்: ஷிமானோ பாகங்களில் முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976. எண்ணிக்கொண்டு வாருங்கள், எச் 1983. சி என்றால் மார்ச். டியோர் எக்ஸ்டி வரிசை வந்ததே 1982-இல்தான், ஆகவே பொருந்துகிறது.

#14 நடுஅச்சு

ஒரு எச்சரிக்கை. அந்த எழுத்து டெரைலரின் வயதைச் சொல்லும், ஃப்ரேமின் வயதைச் சொல்லாது. யாரோ பிற்பாடு மாட்டியிருக்கலாம். அதற்கு முந்தைய மவுண்டன்பைக்ஸ் சைக்கிளில் வேறு மாதிரி சாமான் இருக்கும். மலைக்கென்று யாரும் பாகம் செய்யாத காலம் அது. பிரான்சின் டிஏ கிராங்க், மாஃபாக் பிரேக். ஜெர்மனியின் மகுரா மோட்டார் சைக்கிள் லீவர். ஜப்பானின் சன்டூர் கியர். இங்கிலாந்தின் புரூக்ஸ் சீட். ஹப் மட்டும் சான் ஹோசேயின் ஃபில் வுட். டூரிங் சைக்கிளிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் பொறுக்கி எடுத்துக் கோத்த மாலை. ஷிமானோவும் சன்டூரும் மலை சைக்கிளுக்கென்றே வரிசை கொண்டுவந்த பிறகு இந்தக் கோர்ப்பு மறைந்துவிட்டது.

இன்னொன்றும் முக்கியம். 1983 இந்தக் கம்பெனி பிரிந்த வருடம். கெல்லி விலகினார். ஏறக்குறைய அதே சமயத்தில் ரிச்சியும் ஃபிஷரும் தனித்தனியாகப் போனார்கள். ரிச்சி தன் பெயரிலேயே ஃப்ரேமும் சாமானும் செய்தார், ஃபிஷர் கடை 'ஃபிஷர் மவுண்டன்பைக்ஸ்' ஆயிற்று. 1991-இல் தைவான் கம்பெனி ஒன்றுக்கு விற்றார், 1993-இல் அது ட்ரெக் என்ற சைக்கிள் கம்பெனி கைக்குப் போயிற்று. ஆகவே 'ஃபிஷர்' என்ற சொல் முன்னால் இல்லாமல் வெறும் 'மவுண்டன்பைக்ஸ்' மட்டும் இருந்தால், அந்த நாலு வருடத்துக்குள் வந்தது என்று நினைக்க இடம் இருக்கிறது. எழுத்துக்கு முன்னால் வேறு சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

#15 தீநாக்கு

தம்பி, பெயின்ட் எடுக்க மணல் அடிக்கக் கூடாது. நெருப்புக் காட்டவே கூடாது. பித்தளை மிருதுவான உலோகம், மணல் அதைத் தின்றுவிடும். ஸ்டிக்கர் இருக்கிற இடத்தில் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு, ஒரு மூலையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். மேல் பெயின்ட் மட்டமான எனாமல் என்றால் முதலில் அது இளகும்.

#16 ஆரக்கால்

மூன்று சாயங்காலம் ஆயிற்று. அக்கா சொன்னபடி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தொட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு தபால்தலை அளவு. கறுப்பு இளகி வந்தது, அடியில் நீலம். எழுத்துக்கு முன்னால் வேறு சொல் இல்லை. ஆனால் இன்னொரு குழாயில், பாதி அழிந்து, 'ரிச்சி' என்று இருக்கிறது. கடைசி எழுத்தின் வால் மட்டும் முழுசாக நிற்கிறது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எழுத்தை விட்டுவிட்டு, அந்த ஒட்டைத்தான் ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள்.

#17 பழையசங்கிலி

இரண்டு பெயரும் ஒரே ஃப்ரேமில், அக்கா சொன்ன ஒட்டு, இரட்டைத் தட்டுப் போர்க், மேல் கம்பியில் முளை. நான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ரிச்சி கட்டி, ஃபிஷர் கெல்லி கடை வழியாகப் போன ஃப்ரேம், பிரிவுக்கு முந்தையது. நடுஅச்சு, மறுப்பு உண்டா?

#18 நடுஅச்சு

இல்லை. சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். ஆரக்கால், புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஃபேர்ஃபாக்ஸில் 2015-இல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது, மலை சைக்கிள் புகழ் மன்றமும் இப்போது அங்கேதான். ஒரு நாள் ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இருப்பவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#19 ஆரக்கால்

அடுத்த மாதம் போகிறேன். ரீபேக் பாதை அடிவாரத்தையும் பார்த்துவிட்டு வருவேன். அதற்குள் பிபியைக் கழற்றலாம் என்று பார்த்தால் வலப்பக்கக் கப்பு (அச்சைப் பிடித்திருக்கும் திருகு மூடி) அசையவே இல்லை. ஸ்பேனர்தான் வழுக்குகிறது.

#20 தீநாக்கு

ஆங்கிலத் திருகாக இருந்தால் வலப்பக்கம் தலைகீழ். கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இரண்டு நாளாக இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணெய் விட்டு ராத்திரி பூராவும் ஊறவிடுங்கள்.

#21 ஆரக்கால்

கழன்றுவிட்டது அக்கா. கப்புக்குப் பின்னால் பழைய கிரீஸ் கெட்டியாக ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், பச்சை நிறம்.

#22 பழையசங்கிலி

பச்சையா! ஃபில் வுட் கிரீஸ் பச்சையாகத்தான் இருக்கும். சான் ஹோசே சாமான். முழுசாகத் துடைத்துவிடாதீர்கள், ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.